மாமாவுக்கு ஒரு வாய்

என் ராசாவுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறேன். முழங்கால்தான் படி ஏறும்போது கொஞ்சம் முறைப்பாடு சொல்லும், அதை விடு. நேற்று உன் போன் வந்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. "அம்மா, டொரன்டோ வேலை சரி வந்திட்டுது. அடுத்த கிழமை வெளிக்கிடுறன். ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பாக்க வாறன். ஆனா ஒண்டு, சமைக்க வேண்டாம். ப்ளீஸ், எனக்கெண்டு ஒண்டும் செய்து வைக்காதேங்கோ." நான் "ஓம் ராசா" என்று மட்டும் சொன்னேன். நீ ஒன்று சொன்னால் பத்துச் சொல்லுகிறவள் இன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்று நீ யோசித்திருப்பாய். போனை வைத்துவிட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்தேன். ஒரே பிள்ளை கனடாவுக்குப் போகிறான், அதை நினைத்து அழ வேண்டியவள், சமைக்க வேண்டாம் என்ற சொல்லை நினைத்து அழுதேன். என்ன மனுசி நான் என்று எனக்கே இருந்தது.

அப்பா இறந்து முப்பத்தோராம் நாள் படையலுக்குப் பிறகு நீ என் முன்னால் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. வெம்பிளியிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவாய், "சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்" என்பாய், தண்ணீர் குடிப்பாய், போய்விடுவாய். கோபமாகப் பேசினதில்லை, மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. இப்படியே நீ அங்கேயும் போய்விட்டால், நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடாமலே என் காலம் முடிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. நேரில் சொல்லத் தொடங்கினால் நீ எழும்பி ஜன்னலுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். எழுத்துக் கூட்டி ஆறுதலாக வாசி, அவசரமில்லை.

நாங்கள் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு, பிளேஸ்டோவுக்கு வந்தபோது உனக்கு ஏழு வயது. ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒரு அறை, குளியலறை மற்றக் குடும்பத்தோடு பொது. அப்பாவுக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் பகல் ஷிப்ட். எனக்கு சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். நீ பள்ளிக்கூடத்தால் வருவதற்கும் நான் பஸ் எடுப்பதற்கும் இடையில் கொஞ்ச நேரம்தான். அதற்குள் உன் வயிற்றை நிரப்பிவிட்டு, வாசலில் அப்பாவிடம் உன்னைக் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். உன் கையால் சாப்பிட விட்டால் நீ ஒவ்வொரு பருக்கையாக ஆராய்ச்சி செய்வாய். ஆகவே டிவியைப் போட்டு உன்னை முன்னால் இருத்தி, சோற்றையும் பருப்பையும் குழைத்து, உருண்டை பிடித்து நானே தீத்தினேன். ஊரில் இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தீத்துவது போல உனக்குப் பன்னிரண்டு வயது வரைக்கும் தீத்தினேன். நீ டிவியைப் பார்த்தாய், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். சோற்றை ஒருத்தரும் பார்க்கவில்லை. போதுமா போதாதா என்று உன் வயிற்றிடம் நீ கேட்டுப் பழகவே இல்லை, எல்லாம் நான்தான் தீர்மானித்தேன்.

நீ வாயை மூடிக்கொண்டால் என்னிடம் ஒரு வித்தை இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். "இது பெரியப்பாவுக்கு ஒரு வாய். இது சின்னம்மாவுக்கு ஒரு வாய். இது மாமாவுக்கு ஒரு வாய்." ஊரில் என்றால் பெரியப்பா பக்கத்து வளவில் நிற்பார், பிள்ளை சிரித்துக்கொண்டு வாயைத் திறக்கும், விளையாட்டு அதோடு முடிந்துவிடும். இங்கே அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எல்லாம் குண்டுச் சத்தத்துக்குள் இருந்தார்கள். நாங்கள் மட்டும் தப்பி வந்து கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் குற்ற உணர்ச்சியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? உன் வாய்க்குள் வைத்தேன்.

என் தம்பி, உன் மாமா, ஒரு காலமை சைக்கிளில் சந்தைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அந்தச் செய்தி கடிதத்தில் வந்தபோது உனக்கு எட்டு வயது இருக்கும். அதற்குப் பிறகும் நான் அவனுடைய வாயை விடவில்லை. விட்டால் அவன் இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். சொல்லும்போது குரல் உடையும், நீ டிவியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். ஒருநாள் கேட்டாய், "மாமா இப்ப எங்கயாவது சாப்பிட்டிருப்பாரோ அம்மா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ சாப்பிட்டா அவருக்கும் வயிறு நிறையும் ராசா." அன்றையிலிருந்து மாமாவின் வாயை நீ மறுத்ததே இல்லை. வயிறு முட்டி, கண்ணில் தண்ணீர் நிற்கும், ஆனாலும் வாயைத் திறப்பாய். நீ விழுங்கியதும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பேன். அம்மாவின் அழுகையை எப்படி நிறுத்தலாம் என்று அந்த வயதிலேயே நீ கண்டுபிடித்துவிட்டாய். எனக்கு அது விளங்கியது இப்போதுதான்.

நீ கொழுகொழு என்று வளர்ந்தாய். எனக்குப் பெருமை என்றால் சொல்ல முடியாது. உன் படத்தை ஊருக்கு அனுப்பினால், "பிள்ளையின்ர கன்னத்தைப் பாத்தோம், இனி உங்களைப் பற்றிக் கவலையில்லை" என்று பதில் வரும். உன் கன்னம்தான் எங்கள் சுகச் செய்தி. பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நீந்தப் போகும் நாட்களில் உனக்கு ஏன் எப்போதும் வயிற்றுக்குத்து வந்தது என்பதெல்லாம் நான் கேட்டதில்லை. கடையில் உனக்குக் காற்சட்டை எடுக்கும்போது, "பெரியாக்களின்ர பக்கம் போவம் அம்மா, இங்க எனக்கு அளவில்ல" என்று நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "அதுக்கென்ன ராசா" என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். உன் முகத்தை அன்றைக்கு நான் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அப்பா போனார். வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்தது. கொழுப்பு, உடம்புப் பாரம், ஓய்வில்லாத வேலை என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் டாக்டருக்குப் பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் என் தலைக்குள் ஏதோ திரும்பிவிட்டது. இத்தனை வருடம் இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சினவள், மறுநாளே உன் சோற்றுக் கோப்பையை உளவு பார்க்கத் தொடங்கினேன். சோறு கொஞ்சம் கூடப் போட்டால் பெருமூச்சு. பிஸ்கட் டின்னைத் திறந்தால் மற்ற அறையிலிருந்து இருமல். அது பாசம் என்றுதான் நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் வீடு நிறையச் சனம். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். உளுந்து வடை, உருளைக்கிழங்குப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, பாயாசம். படைத்ததைப் பிறகு எல்லாரும் இருந்து சாப்பிடுவது முறை. போனவருக்குப் பிடித்ததை அவருடைய பிள்ளை சாப்பிடுவதுதான் அந்த நாளின் கடைசி மரியாதை. நீ அன்றைக்கு முழுக்க அழவில்லை. இலையின் முன்னால் இருந்து, தலையைக் குனிந்து, அப்பாவின் வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். மூன்றாவதை எடுத்தாய். நான் பரிமாறிக்கொண்டு வந்தவள், அத்தனை பேருக்கும் முன்னால் அதை உன் கையிலிருந்து பறித்தேன். "போதும், காணும் விடு. அப்பாவைப் போல நீயும் போகப் போறியே?" நீ இலையை மடித்தாய், எழும்பிக் கை கழுவினாய், வெளியே போனாய். நீ உன் தகப்பனுக்காக உன்னால் முடிந்த விதத்தில் அழுதுகொண்டிருந்தாய், அதைத்தான் நான் பறித்தேன். பின்னேரம் வரைக்கும் நீ தெருவில் நடந்துகொண்டிருந்ததாக மேல்வீட்டு அண்ணை சொன்னார்.

அதற்குப் பிறகு நீ பட்டினி கிடந்தது, மெலிந்தது, பிறகு இரட்டிப்பாய்ப் பெருத்தது, திரும்பவும் பட்டினி கிடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். நீ மெலிந்து வந்தபோது கோயிலில் நாலு பேர் "பெடியன் வடிவாயிட்டான்" என்றார்கள், நானும் தலையாட்டினேன், வெட்கமில்லாமல். போன வருடம் நீ ரயில் ஸ்டேஷனில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். இரண்டு நாளாகத் தண்ணீரும் கறுப்புக் கோப்பியும்தான் என்று நர்ஸிடம் சொன்னாயாம். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "ஏன் ராசா உன்னையே இப்பிடி வதைக்கிறாய்?" என்று கேட்டேன். நீ கூரையைப் பார்த்தபடி சொன்னாய், "அம்மா, நான் சாப்பிடேக்க ரெண்டு அம்மா கதைக்கினம். ஒராள் இன்னும் ஒரு வாய் எண்டு சொல்லுறா, மற்றாள் காணும் விடு எண்டு சொல்லுறா. ரெண்டு பேரையும் சமாளிக்க ஏலாம சாப்பாட்டையே விட்டிட்டன்." நர்ஸ் வந்ததும் நீ ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாய். நான் வீட்டுக்கு வந்து அந்த இரண்டு அம்மாக்களையும் நினைத்து நினைத்துக் கிடந்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று, எனக்கும் இந்த வருடத் தொடக்கத்தில் சலரோகம், அதுதான் டயபிட்டிஸ், என்று சொல்லிவிட்டார்கள். பயப்படாதே, குளிசை விழுங்குகிறேன். பாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். புதன்கிழமைகளில் கிளினிக்கின் மேல் அறையில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கூட்டம். எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக் கூடாது என்று பெரிய பட்டியல் தருவார்கள் என்று பார்த்தால், நடத்துகிற பிள்ளை அப்படி ஒன்றும் தரவில்லை. அடுத்த முறை உங்கள் வழமையான மதியச் சாப்பாட்டைக் கொண்டு வாருங்கள், கதைக்காமல், வேறு ஒன்றையும் பார்க்காமல் சாப்பிடுவோம், ஒவ்வொரு வாய்க்கும் பிறகு கரண்டியைக் கீழே வையுங்கள் என்றாள். நான் கையால் சாப்பிடுகிறவள். கையை எங்கே கழற்றி வைப்பது என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

அடுத்த புதன் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் கொண்டு போனேன். அத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால் கையால் சாப்பிடக் கூச்சமாக இருந்தது. குனிந்துகொண்டு குழைத்து உருண்டை பிடித்தேன். பிடித்த கை என் வாய்க்கு வராமல் முன்னுக்கு நீண்டது. நீண்டபடி நின்றது, எதிரே ஒருவருமில்லை. யாரும் கண்டார்களோ தெரியாது. நான் அந்தக் கையை மெல்ல மடக்கி என் வாய்க்குக் கொண்டுவந்தேன். இவ்வளவு காலமும் எல்லாருக்கும் ஒரு வாய் சொல்லி இருக்கிறேன், என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. நான் சாப்பிட்டதெல்லாம் குசினியில் நின்றபடி, சட்டியை வழித்தது, உன் கோப்பையில் மிஞ்சியது. அன்றைக்குத்தான் என் சமையலை நான் ருசி பார்த்தேன். உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. அப்பா போன நாளிலிருந்து இப்படித்தான் சமைத்திருக்கிறேன் போல, சொல்ல ஆளில்லாததால் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் சீஸ் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்த பிறகு டிவி இல்லாமல் சாப்பிடுவது இதுதான் முதல் தரம், வீட்டில் ஆளில்லை என்பது இப்போதுதான் சாப்பாட்டில் தெரிகிறது என்றாள். அவள் சொன்னது எனக்கும் அப்படியே பட்டது. கவனித்துச் சாப்பிட்டால் ருசி மட்டும் தெரியும் என்று நினைக்காதே ராசா. தனிமையும் வந்து எதிர்க் கதிரையில் இருக்கும். அதைப் பார்க்கப் பயந்துதான் நாங்கள் அவசரமாக அள்ளிப் போடுகிறோம், நீ அவசரமாகப் பட்டினி கிடக்கிறாய். இப்போது நான் மத்தியானத்தில் மேசையில் இருந்து, ஒரு கோப்பையில் போட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துச் சாப்பிடுகிறேன். சில நாள் அழுகை வரும், வந்துவிட்டுப் போகும். சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லை.

எல்லா நாளும் நல்ல பிள்ளையாய் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. நேற்று உன் போனுக்குப் பிறகு, அழுது முடித்த கையோடு ஒரு பை முறுக்கையும் நின்ற நிலையில் தின்று முடித்தேன். பை வெறுமையானதும் என்னை நானே திட்டத் தொடங்கினேன். "உனக்கு வெட்கமில்லையே, காணும் விடு, செத்துப் போகப் போறியே?" அந்தக் குரலைக் கேட்டதும் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். உன் கையிலிருந்து வடையைப் பறித்த அதே குரல். அவள் எனக்குள்ளும் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறாள். முகத்தைக் கழுவினேன், சீனி இல்லாமல் ஒரு தேத்தண்ணி போட்டேன், விழுந்த பிள்ளைக்குச் சொல்வது போல எனக்கே சத்தமாகச் சொன்னேன், "பரவாயில்லை பிள்ளை, மகன் தூரப் போறான், பயந்திட்டாய்." என்னை யாரும் பிள்ளை என்று கூப்பிட்டு எத்தனையோ காலம். இரவுச் சாப்பாட்டைத் தண்டனைக்காக நிறுத்தவில்லை. பசித்தபோது அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

அங்கே போனால் நீயும் தனியத்தான் இருப்பாய். வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் ஃப்ரிட்ஜைத் திறப்பாய். திறக்கும்போது உன்னை ஒருதரம் கேள், இது பசியா, ஆளில்லாத வீடா என்று. ஆளில்லாத வீடுதான் என்றாலும் சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. கோப்பையில் போட்டு, இருந்து, ருசித்துச் சாப்பிடு. பாதியில் போதும் போல இருந்தால் வை, நாளைக்கும் ஃப்ரிட்ஜ் அங்கேதான் நிற்கும். கூடச் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பட்டினி கிடந்து ஈடு கட்டாதே. நிறுக்கும் மெஷினில் ஏறி நின்று உன்னையே வழக்கு விசாரிக்காதே, அது உன் பாரத்தைச் சொல்லும், உன்னைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? என் இரண்டு குரல்களும் விசா இல்லாமல் உன்னோடு பிளேனில் வரும், அதைத் தடுக்க என்னால் முடியாது. வந்தால் பயப்படாதே. இரண்டு பேரும் கோபக்காரிகள் இல்லை, ஒருத்தி தம்பியைப் பறிகொடுத்துப் பயந்தவள், மற்றவள் புருஷனைப் பறிகொடுத்துப் பயந்தவள். "இருங்கோ அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டு உன் சாப்பாட்டைச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை நான் சமைப்பேன். உனக்கென்று செய்ய வேண்டாம் என்றுதானே சொன்னாய், எனக்கென்று சமைக்கத் தடையில்லையே? குளிசை போடுகிறவள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். உப்பும் இப்போது அளவாகத்தான் போடுகிறேன். சட்டி அடுப்பில் இருக்கும், கோப்பை அலுமாரியில் இருக்கும். பசித்தால் நீயே போட்டுச் சாப்பிடு, எவ்வளவு போடுகிறாய் என்று திரும்பிப் பார்க்கமாட்டேன். பசிக்காவிட்டால் எதிரே சும்மா இரு, நான் சாப்பிடுவதைப் பார். பழக்க தோஷத்தில் என் வாயிலிருந்து ஏதும் வந்தால் "அம்மா" என்று ஒரு சொல் சொல்லு, நிறுத்திவிடுவேன்.

அன்றைக்கு அழமாட்டேன் என்று எழுதத்தான் இந்தக் கடைசிப் பந்தியைத் தொடங்கினேன். பொய் எழுதக் கூடாது. நீ போகிறாய், நான் அழுவேன். அது என்னுடைய அழுகை ராசா. அதை நிறுத்துவதற்கு நீ ஒன்றும் சாப்பிட வேண்டாம்.

அம்மா